எழுத்து அவளுக்கு, படம் எனக்கு

இல்ல தம்பி, மொதல்ல தப்புப் பண்ணுனது லதீஃபா. என் பொஞ்சாதி. இப்ப உனக்குக் கதவு திறந்தாளே, அவதான். அத மனசுல வச்சுக்கிட்டு மத்ததக் கேளு. நீயும் கெட்டிக்காரன்தான், வந்த கொஞ்ச நேரத்துல கண்டுபிடிச்சிட்ட. பாஸ்வேர்டு என்னன்னு என்கிட்ட கேட்ட, உள்ள கேளுன்னேன். நெட்டுப் பெட்டி எங்கன்னு அவகிட்ட கேட்ட, அவருகிட்ட கேளுங்கன்னா. ரெண்டு பேரும் கைக்கு எட்டுற தூரத்துலதான் நிக்கிறோம். நீ நடுவுல நின்னு முழிச்ச. சிரிக்காத. நாலஞ்சு வருஷமா இந்த வீட்ல இப்படித்தான்.

உக்காரு, உக்காரு. என்ன அவசரம்? மட்டாஞ்சேரியில மழை பிடிச்சா இந்தச் சந்துல பைக்க எடுக்க முடியாது. அந்த ஜன்னல் பக்கம் போகாத, ஒழுகுது, ஷாக் அடிச்சிடும். பெட்டியப் பாரு, பெட்டிய. சிவப்பு லைட்டு எரியுதில்ல? அதத்தான் நானும் சொல்றேன், கோளாறு பெட்டியிலதான். நான் கம்ப்ளெய்ன்ட் பண்ணல கேட்டியா. எம் மக ஷம்சியா சார்ஜாவுல இருந்துக்கிட்டு உங்க கம்பெனிக்கு போன் போட்டிருக்கா. பேரு என்ன, இசக்கிராஜாவா? அப்ப திருநெல்வேலிப் பக்கம். எங்க தமிழ் உனக்குச் சிரிப்பாத்தான் இருக்கும், பாதி மலையாளம். எங்க அத்தா பாலக்காட்டுல இருந்து இங்க கொச்சி பஜாருக்கு மூட்டை தூக்க வந்தவரு. நானும் அதேதான். மிளகு, இஞ்சி, சுக்கு. இந்தச் சிகாபுதீன் தலையில ஏத்துன மூட்டை கீழ விழாதுன்னு பஜார்ல பேரு. முட்டி போனதும் வீட்ல உக்காந்துட்டேன். பள்ளிக்கூடமா? அது ரெண்டு மழைக்காலத்தோட சரி.

என்ன தப்புப் பண்ணுனாளா? சொல்றேன். ஷம்சியாவுக்கு மாப்பிள்ளை பாத்து முடிவாகி, அவங்க ஆளுங்க பாலக்காட்டுப் பக்கம் புதுநகரத்துல இருந்து வந்திருந்தாங்க. இதே ரூமு. நீ உக்காந்திருக்கிற இடத்துல மாப்பிள்ளையோட மாமன். கல்யாணக் கார்டு அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மாதிரி கொண்டாந்து, பொண்ணோட அத்தா ஒருக்கா வாசிச்சுப் பாத்துச் சொல்லட்டும்னு மரியாதையா என் கையில கொடுத்தாங்க. நான் கண்ணாடியப் போட்டேன். மேல இருந்து கீழ வரைக்கும் நிதானமாப் பாத்தேன். எல்லாம் சரிதான்னேன். அதோட முடிஞ்சிருக்கும். இவ அந்தக் கதவுகிட்ட நின்னுக்கிட்டு, அய்யோ, அவருக்கு எழுத்துக் கூட்ட வராது, இங்க கொடுங்க நான் பாக்குறேன்னு சொல்லிட்டா. சிரிச்சுக்கிட்டே சொன்னா தம்பி. அந்த மாமன் பல்லக் காட்டுனான். சம்பந்தி அம்மா தலையில போட்டிருந்த தட்டத்தால வாயப் பொத்திக்கிட்டாங்க. எனக்கு மூட்டையோட காயல் தண்ணியில விழுந்த மாதிரி ஆயிடுச்சு.

ஆமா, கார்டுல தேதி தப்பாத்தான் இருந்துச்சு. அவ பாத்துச் சொன்னதால தப்பிச்சோம். அது வேற விஷயம். என்னத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமில்ல? அன்னைக்கு நிறுத்துனேன் பேச்ச. தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரே ஒரு வார்த்த அவ வாயில இருந்து வரட்டும்னு பாத்தேன். வரல. அவளுக்கும் ரோஷம். ஊரு உலகத்துக்குத் தெரிஞ்சதத்தானே சொன்னேன்னு எங்கயோ சொல்லியிருக்கா, அதுவும் என் காதுக்கு வந்துச்சு.

கல்யாணம் முடிஞ்சும் விசா வர்ற வரைக்கும் ஷம்சியா இங்கதான் இருந்தா. அதனால கஷ்டம் தெரியல. உங்க அத்தாகிட்ட சொல்லு, சோறு ஆறுதுன்னு. உங்க உம்மாகிட்ட சொல்லு, கொழம்புல உப்பு இல்லன்னு. அந்தப் புள்ள காதுல எந்நேரமும் ஹெட்போன் கிடக்கும். அதக் கழட்டிக் கழட்டி ரெண்டு பக்கமும் சொல்லும். ஒரு நாள் கத்திருச்சு, நான் என்ன உங்க போஸ்டாபீசான்னு. அவளும் கிளம்பிப் போயிட்டா. பின்ன யாரு இருக்கா? இவ பூனைகிட்ட சொல்லுவா, மீன்காரன் வந்துட்டான், யாராச்சும் சட்டியோட வாசலுக்குப் போனா நல்லதுன்னு. நான் ஃபேனப் பாத்துச் சொல்லுவேன், வெள்ளச் சட்டையில பட்டன் போச்சுன்னு. மறுநாள் பட்டன் இருக்கும். ஃபேன் தைக்குமா?

அப்புறம்தான் அந்தப் படம் வந்துச்சு. ஜப்பான்காரன் பாகம் பாகமா வரைஞ்சு ஓட்டுற படம். ஷம்சியா அதுலயே கிடப்பா. போன லீவுக்கு வந்தப்ப லதீஃபாவுக்கும் ஒண்ண நெட்டு வழியா டிவியில எடுத்து வச்சுக் காட்டிட்டுப் போயிருக்கா. நான் பூனை எலியத் துரத்துற மாதிரி இருக்கும்னு நெனச்சேன். அப்படி இல்ல. உன் மக பாக்குமா? அப்ப உனக்குத் தெரியும். ஒரு தீவு, ஒரு படகு ஜெட்டி. ஒரு பையன் டிக்கெட் கிழிக்கிறான். ஒரு பொண்ணு தினம் அக்கரைக்கு வேலைக்குப் போகுது. அவன் டிக்கெட் கொடுக்குறான், அது வாங்குது. இவ்வளவுதான் கதை. நம்ம சினிமான்னா இதுக்குள்ள ஒரு பாட்டு முடிஞ்சு ரெண்டு பேரு அடி வாங்கியிருப்பாங்க. இதுல வாயே திறக்க மாட்டேங்குறாங்க. அவன் சொல்ல வருவான், படகு ஹாரன் அடிக்கும். அந்தப் பொண்ணு திரும்பிப் பாக்கும், அந்நேரம் பாத்து அவன் குனிஞ்சு ஷூ கயிறு கட்டுவான். அவன் நிமிர்றப்ப படகு போயிருக்கும். எனக்கு வந்த ஆத்திரத்துல தோள்ல கிடந்த தோர்த்துத் துண்ட டிவி மேல வீசிட்டேன்.

பேச்சு ஜப்பான் பாஷை. கீழ மலையாளத்துல எழுத்து ஓடும். நம்ம புள்ளைங்க யாரோ உக்காந்து எழுதிப் போடுதுங்களாம். எனக்கு அது ஓடுனா என்ன, நின்னா என்ன? இவ பத்தாங்கிளாஸ். மொத நாள் மனசுக்குள்ள படிச்சா. நான் இந்த நாற்காலியில, பாக்காத மாதிரி உக்காந்திருந்தேன். மறுநாள் வாய்விட்டுப் படிக்க ஆரம்பிச்சா. என்கிட்ட இல்ல, தனக்குத்தானே படிச்சுக்கிற மாதிரி. அதுவும் தமிழாக்கி. நான் ஒண்ணுக்குப் போக எந்திரிச்சா படத்த நிறுத்திட்டுத் தண்ணி குடிக்கப் போவா. நான் வந்து உக்காந்தா மறுபடி ஓடும். அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தேன். கூச்சம் தம்பி. அத்தன பேரு முன்னாடி எது எனக்கு இல்லன்னு சொன்னாளோ, அதத்தான் தினம் ஊட்டி விடுறா. வாங்கித் திங்கவும் கூச்சம், வேண்டாம்னு சொல்லவும் மனசு வரல.

சாயா குடி, ஆறுது. அவ போட்ட சாயா நல்லா இருக்கும், அதுல நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒண்ணு கேளு. எழுத்துப் படிக்கிறவங்களுக்கு ஒரு குறை இருக்கு. கண்ணு கீழயே கிடக்கும். அந்தப் பொண்ணு ஒரு நாள் வீட்ல தனியா, யாருகிட்டயோ போன்ல பேசிக்கிட்டே சாயா போடுது. இவ அந்தப் பேச்ச வாசிச்சிட்டிருக்கா. நான் மேல பாக்குறேன். அது ரெண்டு கப்பு எடுத்து வச்சுச்சு. கொஞ்ச நேரம் பாத்துட்டு ஒண்ண மெல்ல அலமாரியில திரும்ப வச்சுச்சு. எழுத்துல அதப் பத்தி ஒண்ணும் இல்ல. நான் என்னைய மறந்து டிவியப் பாத்துச் சொல்லிட்டேன், அந்தப் பயலுக்கும் சேத்துத்தானே எடுத்த, அவன் எங்க வரப் போறான்னு. இவ படிக்கிறத நிறுத்துனா. பின்னாடி ஓட்டிப் பாத்தா. அட, ஆமான்னு டிவிகிட்ட சொன்னா.

அன்னையில இருந்து எழுத்து அவளுக்கு, படம் எனக்கு. காலி பெஞ்ச இவ்வளவு நேரம் எதுக்குக் காட்டுறான், குடைய எதுக்கு மறந்துட்டுப் போகுதுன்னு நான் டிவிகிட்ட சொல்லுவேன். இவ அந்தப் பையனத் திட்டுவா, வாயத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்னு. நான் விடுவேனா? அந்தப் பொண்ணு மட்டும் என்ன, அது மொதல்ல சொல்லக்கூடாதான்னு கேப்பேன். பொண்ணு எதுக்கு மொதல்ல சொல்லணும்னு இவ கேப்பா. சொன்னா என்ன குறைஞ்சு போகும்னு நான் கேப்பேன். சாயந்திரம் அசர் தொழுதுட்டு உக்காந்தா, இருட்டி மஃரிப் பாங்கு சொல்ற வரைக்கும் இதே சண்ட. பக்கத்து வீட்டு பௌசியா எட்டிப் பாத்தா, யாரு விருந்தாளி வந்திருக்கான்னு. டிவியத் தவிர யாரு?

அந்தச் சிவப்பு சூட்கேஸா? அவளோடதுதான். சார்ஜாவுக்கு. ஷம்சியா மாசமா இருக்கா, நாள் நெருங்கிடுச்சு. இன்னைக்குத்தான் ஃப்ளைட்டு. மஃரிப் கழிஞ்சதும் நெடும்பாசேரி ஏர்போர்ட்டுக்குப் போகக் காரு வரும். பிரசவம் பாத்துட்டு வந்துடுவாங்கதானேன்னு நீயும் கேக்குற. நானும் ஷம்சியாகிட்ட கேட்டேன். இல்ல அத்தா, உம்மா இங்கயே இருந்துடறேன்னு சொல்றாங்க, அங்க எனக்கு யாரு இருக்கான்னு கேக்குறாங்கன்னா. அதக் கேட்டதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல.

அவ அப்படிச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு தம்பி. போன வாரம் ஒண்ணு நடந்துச்சு. கடைசிக்கு முந்துன பாகம் ஓடிட்டிருக்கு. அந்தப் பொண்ணு ஊர விட்டே போகுது, அவன் படகு ஜெட்டிக்கு ஓடி வர்றான். கரண்டு போயிடுச்சு. வெளிய இதே மாதிரி மழை, பகல்லயே இருட்டு. டிவி இல்ல, ஃபேன் இல்ல, பூனையும் எங்கயோ போயிருச்சு. ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருந்தோம். அப்ப இவ கேட்டா. என்னப் பாத்து. இங்க பாருங்க, நான் போயிட்டுத் திரும்பி வரணுமா, இல்ல அங்கயே இருந்துடவான்னு.

என்ன பதில் சொன்னேனா? குறட்டை விட்டேன்.

தூங்கல. கண்ண மூடித் தலையச் சாச்சு, வேணும்னே குறட்டை விட்டேன். ஏன்னா ஜெயிச்சுட்டேன்னு இருந்துச்சு. வாயத் திறந்துட்டா இல்ல? இன்னொரு தடவ கேக்கட்டும், அந்தக் கார்டு விஷயத்தையும் சேத்துச் சொல்லட்டும், அப்ப முழிச்சுக்கலாம்னு கணக்குப் போட்டேன். இத்தன வருஷம் பக்கத்துல படுத்தவளுக்கு என் குறட்டை எதுன்னு தெரியாதா? எந்திரிச்சு அடுக்களைக்குப் போயிட்டா. மறுநாள் பரண்ல இருந்து அந்த சூட்கேஸ் இறங்கிடுச்சு. ஷூ கயிறு கட்டுனான்னு அந்தப் பய மேல தோர்த்த வீசுனவன் நான். அவனாச்சும் நெசமாக் குனிஞ்சான்.

இனி ஒரு பாகம் பாக்கி. அதையும் பாத்துட்டுக் கிளம்புறேன்னு ஷம்சியாகிட்ட போன்ல சொல்லிட்டிருந்தா, நேத்துக் காலையில. சாயந்திரம் உக்காந்தா படம் வரல.

எங்க போற? ஜன்னல் பக்கம் வேண்டாம்னு சொன்னேன்ல. சரி, ஒழுகலதான். பாரு. வயரத் தூக்கிப் பாத்துட்டியா? எலி இல்ல தம்பி. எலி அவ்வளவு சுத்தமாக் கடிக்காது. நான்தான். அவ மருந்துக் கடைக்குப் போன நேரம், மீன் வெட்டுற கத்தரியால. அப்படிப் பாக்காத என்னைய. வாசலப் பாத்துக்கிட்டே வெட்டுனேன், சின்னப் புள்ள திருட்டு மாதிரி. ஒரு பாகம் இந்த வீட்ல பாக்கி இருந்தா, அதப் பாக்கவாச்சும் திரும்பி வருவாளேன்னு.

என்ன சொல்ற? அங்கயும் ஓடுமா? அவ போன்லயேவா? எந்த ஊர்ல உக்காந்தும் பாக்கலாமா?

சரி. நான் என்னத்தக் கண்டேன். தண்ணி பைப்பு மாதிரி, இந்த வீட்டுக்குன்னு வர்றதுன்னு நெனச்சேன்.

ஆனா அங்க மேல என்ன காட்டுறான்னு அவளுக்கு யாரு சொல்லுவா? ஷம்சியாவுக்குக் கைப்புள்ளயோட நேரம் இருக்குமா? எழுத்த மட்டும் வாசிச்சுட்டு, முடிஞ்சுபோச்சுன்னு மூடி வச்சுடுவா.

எதுக்கு மெல்லப் பேசணும்? அடுக்களையில பாத்திரச் சத்தம் நின்னு எவ்வளவு நேரமாச்சு, உனக்குக் கேக்கலையா? நான் குறட்டை விட்டதச் சொன்ன எடத்துல நின்னுச்சு. அந்தத் திரைக்குக் கீழ பாரு, அவ கால் தெரியுது. பின்ன இவ்வளவும் உனக்காகவா சொன்னேன்? நீ வயரு சரி பண்ண வந்தவன், உனக்கு எதுக்கு என் வீட்டுக் கத? டிவி ஓடல, ஷம்சியா இல்ல, காரு வரப் போகுது. உன் மூஞ்சி ஒண்ணுதான் இருந்துச்சு பாத்துச் சொல்றதுக்கு.

வயரச் சேத்துடு. முடியுமில்ல? காரு வர்றதுக்குள்ள முடி. பாத்துட்டே போகட்டும். போயி மகளுக்குப் பிரசவம் பாக்கட்டும், அது அவ கடம. அப்புறம் வரணும். அதுதான் அன்னைக்குக் கேட்டதுக்குப் பதில். குறட்டை விட்டது நான், வயர வெட்டுனது நான், ரெண்டும் தப்பு. உன் முன்னாடி சொல்லியாச்சு, இனிமே என்கிட்ட பாக்கி ஒண்ணும் இல்ல.

அவகிட்டதான் இருக்கு. இதே ரூம்ல, அத்தன பேரு முன்னாடி சொன்னதுக்கு எனக்கு ஒரு வார்த்த வரணும். இன்னைக்கு இல்லன்னா சார்ஜாவுல இருந்து வந்து சொல்லட்டும். நான் விடறதா இல்ல. கேட்டுச்சான்னு அவகிட்ட கேளு தம்பி. வேண்டாம், நீ கேக்காத. நீ வயரப் பாரு.