பலகை வைக்காத சேட்டு

இரத்தக் கறைக்குச் சுடுதண்ணீர் ஊற்றுகிற ஆட்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்ல நல்ல துணிகளைப் பாழாக்கிக் கொண்டுவந்து மேசையில் போட்டுவிட்டு, "அண்ணை, கொதிதண்ணியிலை போட்டு நல்லாத் தேய்ச்சுப் பாத்தம், போகேல்லை" என்பார்கள். எப்படிப் போகும்? சூடு பட்டால் இரத்தம் முட்டை அவிவது மாதிரி அவிந்து நூலோடு இறுகிவிடும். பச்சைத்தண்ணீர் போதும், ஒரு கை உப்புப் போதும். மற்றதெல்லாம் பொறுமை. அதுதான் ஆட்களிடம் இல்லை.

சிவகௌரி மிஸ், ஒரு சட்டத்தரணிக்கு இதையெல்லாம் இவன் ஏன் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். ஒன்பது நாட்களுக்கு முன் திருநெல்வேலியில் இருக்கும் என் லோன்றிக்கு வந்து, இரத்தக் கறை பட்ட ஒரு நீலச் சேட்டின் படங்களை அயன் மேசையில் பரப்பி ஒரு கேள்வி கேட்டீர்கள். நான் சொன்ன பதில் பொய். அதைத் திருத்தத்தான் இந்தக் கொப்பியை எடுத்தேன். என்னிடம் வேலை செய்த நிருஷன் பதினொரு மாதமாக விளக்கமறியலில் இருக்கிறான். அச்சுவேலிப் பக்கத்தில் தியாகலிங்கம் என்ற தோட்டக்காரரை, துணி கொண்டுபோகிற என் கடை வானால் இடித்து, குற்றுயிராய் வாழைக்குள் இழுத்துப் போட்டுவிட்டு வந்தான் என்பது வழக்கு. தான் அன்று வானைத் தொடவே இல்லை என்று அவன் சொல்கிறான். ஆனால் அவனுடைய சேட்டில் அந்த மனிதரின் இரத்தம் இருக்கிறது. அவன் வெளியே வராமல் மறித்துக்கொண்டு நிற்பது அந்தச் சேட்டு ஒன்றுதான்.

இதுவரை எழுதிவிட்டு இரண்டு தரம் எழுந்து கடை வாசல் வரை போய் வந்தேன். பலாலி வீதியில் பஸ் போகிறது, கம்பஸ் பிள்ளைகள் போகிறார்கள், எல்லாம் வழமைபோலத்தான். எனக்கு மட்டும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. பிரஷராக இருக்கலாம். எனக்குத் தெரிந்த தொழிலில் இருந்தே தொடங்குகிறேன்.

நான் குருநகர் ஆள், பெயர் கனிசியஸ். எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் கடலுக்குப் போனார்கள். நான் கட்டாருக்குப் போனேன். அங்கே ஒரு பெரிய ஹொட்டேலின் லோன்றியில் பதினான்கு வருடம் கறை எடுப்பதுதான் என் வேலை. அங்கே படித்ததைத்தான் இங்கே வேலைக்கு வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மருந்தை முதலில் மடிப்புக்குள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தொட்டுப் பார். தேய்க்காதே, ஒத்து. விளிம்பில் இருந்து நடுவுக்கு வா. ஆனால் இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் என்னவென்றால், கறை அழிகிற சாமான் இல்லை. ஒரு துணியில் இருந்து இன்னொரு துணிக்குப் போகும், அவ்வளவுதான். கீழே வெள்ளைத் துவாயை வைத்து மேலே ஒத்தினால் கறை துவாய்க்கு இறங்கும். சேட்டு என்றால் உள்ளே ஒரு பலகைத் துண்டு வைக்க வேண்டும். வைக்காவிட்டால் நெஞ்சில் இருக்கிற கறை முதுகுப் பக்கத்துத் துணிக்கும் இறங்கிவிடும்.

நிருஷன் வேலைக்கு வந்த முதல் கிழமை, ஒரு விரிவுரையாளரின் வெள்ளைச் சேட்டில் தேத்தண்ணிக் கறை. பலகை வைக்காமல் ஒத்தி, முதுகிலும் ஒன்றை உண்டாக்கிவிட்டான். கடையில் ஆட்கள் நிற்கிறார்கள் என்றும் பாராமல் அவனை ஏச்சாலேயே கிழி கிழி என்று கிழித்துவிட்டேன். "பலகை எங்கையடா? சேட்டுக்குள்ளை ஆள் இருக்கோ மறிக்க?" பாவம், காது இரண்டும் சிவந்துபோய் நின்றான். அதற்குப் பிறகு ஒருநாளும் மறக்கவில்லை. கெட்டிக்காரன். என் மகன் கிறிஸ்ரிக்கு மூன்று வருடம் சொல்லியும் ஏறாதது அவனுக்கு மூன்று நாளில் ஏறியது. அது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது, மறைக்கவில்லை.

நீங்கள் கொண்டுவந்த படங்களில், நெஞ்சில் பெரிய கறை. முதுகின் உட்பக்கத்தில் அதே வடிவில், மங்கலாக, இன்னொன்று.

"அண்ணை, ஆள் போட்டிருந்த சேட்டெண்டால் இது எப்பிடி முதுகுக்குப் போகும்? நடுவிலை உடம்பெல்லோ இருக்கும்?" என்று கேட்டீர்கள். "இதை நிருஷன்தான் கோட்டிலை சேட்டை எடுத்துக் காட்டேக்கை கண்டு எனக்குச் சொன்னவன். கனிசியஸ் அண்ணையைக் கேளுங்கோ, உது அவர் ஒராளுக்குத்தான் தெரியும் எண்டவன்."

உள்ளதைச் சொன்னால் அந்த நேரத்திலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மறியலுக்குள் கிடந்துகொண்டும் என் தொழிலை மதிக்கிறான். அவனுக்கு என்னில் துளி சந்தேகமும் இல்லை.

"வேர்வை இழுத்திருக்கும் மிஸ்" என்றேன். நீங்கள் தலையாட்டிவிட்டுப் படங்களை அடுக்கினீர்கள்.

வியர்வை அப்படி இழுக்காது. வேலை பழகும் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். பொலிசுக்கு நான் சொன்ன பொய்கள் என்னை ஒன்றும் செய்யவில்லை. சாப்பாடு இறங்கியது, நித்திரை வந்தது. இந்த ஒரு பொய் மட்டும் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. கறையைப் பற்றி நான் ஒருவருக்கும் பொய் சொன்னதில்லை மிஸ். இந்த ஒன்பது நாளும் ஒரே பெட்சீற்றை மூன்று தரம் அயன் பண்ணுகிறேன். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதனார்மடச் சந்தி வரை போய், ஒன்றும் வாங்காமல் திரும்புகிறேன். கோயில் மணி கேட்டாலும் திடுக்கிடுகிறேன்.

தியாகலிங்கம் இடிபட்ட அன்று நிருஷனுக்குக் காய்ச்சல். நான்தான் இரண்டு பனடோல் கொடுத்துப் பின் அறையில் படுக்கச் சொன்னேன். வியர்வையில் நனைந்த சேட்டைக் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டுப் படுத்தான். கடைச் சேட்டு, நீலம், பொக்கற்றில் பெயர் தைத்தது. கட்டாரில் அப்படித்தான் எங்களுக்குத் தந்தார்கள். நானும் அவனுக்கும் கிறிஸ்ரிக்கும் அதேபோலத் தைப்பித்தேன். நிருஷன் கொண்டுபோக வேண்டிய துணிகளைக் கிறிஸ்ரி வானில் அச்சுவேலிக்குக் கொண்டுபோனான்.

ஒரு மணி போலத் திரும்பி வந்தான். வானின் ஒரு பக்க லைற் உடைந்திருந்தது. அவன் நெஞ்செல்லாம் இரத்தம்.

"அப்பா, அந்தாள் சைக்கிளோடை குறுக்கை வந்திட்டுது. தூக்கி வாழைக்குள்ளை போட்டிட்டு வந்திட்டன்."

"ஆரும் கண்டவையோ?"

"திரும்ப வானுக்கை ஏறேக்கை தூரத்திலை வெங்காயத் தோட்டத்துக்கை ஒரு மனிசி நிண்டவ. ஆள் விழுந்தது அவவுக்குத் தெரியாது. என்ரை நீலச் சேட்டைத்தான் கண்டிருப்பா."

"உயிர் இருக்கோ?"

"ஓம். முனகினது."

அவன் பிரான்சுக்குப் போக எல்லாம் சரிவந்து, இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது.

முதலில் சேட்டைக் கழற்றச் சொன்னேன். பச்சைத்தண்ணீர், உப்பு. நாற்பது நிமிடம் எடுத்தது. அவசரப்பட்டால் நீலம் வெளிறும். வெளிறினால் அந்த இடத்தில் ஏதோ இருந்தது என்று தெரிந்துவிடும். என் வாழ்நாளில் செய்த வேலைகளில் அதுதான் திறம். பிறகு பொலிஸ்காரர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள்.

சேட்டைக் காயப்போட்ட பிறகுதான் மற்றதை யோசித்தேன். வானில் கடைப் பெயர் எழுதியிருக்கிறது, நீலச் சேட்டைத் தேடி வரத்தான் போகிறார்கள். கடையில் இருப்பது இரண்டு. இரண்டும் சுத்தமாக இருந்தால் இரண்டு பேரையும் விசாரிப்பார்கள். கிறிஸ்ரி இரண்டாவது கேள்விக்கே அழுதுவிடுவான். எனக்கு அவன் ஒரே பிள்ளை மிஸ். கறை அழிவதில்லை, இடம் மாறும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

அந்த மனிதரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத்தான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். போகும்போது பையில் ஒரு தண்ணீர்ப் போத்தலும், நிருஷனின் சேட்டும், பலகைத் துண்டும் இருந்தன.

அந்த ஒழுங்கையில் மத்தியான வெயிலுக்கு ஒரு சனமும் இல்லை. வாழைக்குள் சைக்கிள் கிடந்தது. தள்ளி அவர் கிடந்தார். அறுபது வயது இருக்கும். தலையிலும் தோளிலும் காயம். கண் திறந்திருந்தது. என்னைக் கண்டதும், "தம்பி, கொஞ்சம் தண்ணி" என்றார்.

அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதோடு ஒரு போத்தல்தான் இருந்தது. இரத்தம் விளிம்பில் காயத் தொடங்கியிருந்தது. காய்ந்தது துணிக்கு ஏறாது, நனைத்துத்தான் எடுக்க வேண்டும். நனைத்தேன். சேட்டை விரித்து அவருடைய தோளில் வைத்து ஒத்தினேன். விளிம்பில் இருந்து நடுவுக்கு.

அந்த மனிதர் நான் காயத்தைத் துடைக்கிறேன் என்று நினைத்துவிட்டார். கையைத் தூக்கி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நல்லாயிருப்பாய் தம்பி" என்றார்.

அந்தச் சொல்லில்தான் பலகையை மறந்தேன். பைக்குள் இருந்தது, கை எட்டுகிற தூரம். முப்பது வருடத்தில் ஒருநாளும் மறக்காததை அன்று மறந்தேன். அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருந்தது.

அவர் கதைக்கக்கூடிய நிலையில் இருந்தார். கிறிஸ்ரியின் முகத்தைக் கண்டவர். இப்போது என் முகத்தையும் கண்டவர். நான் அவரை ஒன்றும் செய்யவில்லை, ஒரு விரலாலும் நோகடிக்கவில்லை. வந்துவிட்டேன், அவ்வளவுதான். மூன்றரை மணிக்கு மாடு கட்டப் போன ஒருவர் அவரைக் கண்டபோது உயிர் இல்லை. கொஞ்சம் முன்னே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மரண விசாரணையில் டொக்டர் சொன்னார். டொக்டர்மார் எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள்.

கடைக்கு வந்து சேட்டைத் திரும்ப அதே ஆணியில் கொழுவினேன். நிருஷன் முழிக்கவில்லை. காய்ச்சல் எப்படி என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கொஞ்சம் குறைந்திருந்தது. போர்வையை இழுத்து மூடிவிட்டேன். ஐந்து மணிக்குப் பொலிஸ் வந்து எழுப்பியபோது, தன் சேட்டைப் பார்த்துவிட்டு என்னைத்தான் பார்த்தான். "அண்ணை, நான் படுத்திருந்தனான் எண்டு சொல்லுங்கோவன்." மத்தியானம் வான் அவனிடம்தான் இருந்தது என்று சொன்னேன்.

அவன் குடும்பத்தை நான் கைவிடவில்லை. அவன் மனைவி தர்சினி இப்போது என் கடையில்தான் அயன் பண்ணுகிறாள். குழந்தைக்குப் பால்மா, வீட்டுக்கு அரிசி, எல்லாம் பார்த்துக் கொடுக்கிறேன். நேற்றும் சொன்னாள், "நீங்கள் இல்லாட்டி நாங்கள் எங்கை அண்ணை போறது?" சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். எனக்கும் கண் கலங்கியது. இப்போதும் அந்தப் பக்கத்து மேசையில்தான் நிற்கிறாள். நான் ஏதோ கணக்கு எழுதுகிறேன் என்று நினைத்துத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அது ஆறிவிட்டது.

கிறிஸ்ரியைத் தேட வேண்டாம் மிஸ். அவனுக்கு அங்கே இப்போதுதான் ஒரு வேலை சரிவந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கதைப்பான், நிருஷனைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொல்வதில்லை. இடித்தது அவன். மற்றதெல்லாம் நான். தண்ணீர் கேட்டவருக்குக் கொடுக்காமல், அவருடைய இரத்தத்தை எடுத்து, நித்திரையில் கிடந்தவனின் சேட்டில் ஏற்றியது நான். இந்தக் கொப்பியை நாளைக்குக் காலையில் உங்கள் கந்தோருக்கு நானே கொண்டுவந்து தருவேன். கோட்டில் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

ஒரு உதவி மட்டும் வேண்டும். வழக்கு முடிந்ததும் அந்தச் சேட்டை வாங்கித் தாருங்கள். நான் எங்கே இருந்தாலும் பரவாயில்லை, பச்சைத்தண்ணீரும் உப்பும் எங்கேயும் கிடைக்கும். பதினொரு மாதத்துக் கறை கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும். ஆனாலும் துணிக்கு ஒரு பழுதும் வராமல் எடுத்துவிடுவேன். இந்த முறை பலகை வைப்பேன். நிருஷன் அதையே போட்டுக்கொண்டு வேலைக்கு வரலாம்.