ஊசி தாண்டிய வரி

பாடப் போகிறவர்கள் சில்லென்ற தண்ணீர் குடிக்கக் கூடாது, மேடம். அதற்காகத்தான் என்னிடம் எப்போதும் ஒரு பிளாஸ்க் வெந்நீர் இருக்கும். எங்கள் மெல்லிசைக் குழுவில் அது வழக்கம். மேடையேறும் முன் மூத்த பாடகன் மூடியில் ஊற்றிக் கொடுப்பான், சின்னவர்கள் ஒரே மடக்கில் குடித்துவிட வேண்டும். யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை.

‘உப்புக்காற்றே’ பாட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்தக் காலத்துப் பாடகி குஞ்சம்மாள் ஐம்பத்து மூன்றாம் வருஷம் பாடியது. இந்த ஊர் மில் ஆண்டுவிழாவிலும் கல்யாண பேண்டிலும் அதைப் பாடாதவர் கிடையாது. அத்தனை பேரும் கற்றுக்கொண்டது மில் வாசல் டீக்கடையில் ஓடிய ஒரே ஒரு இசைத்தட்டிலிருந்து. நானும் அப்படித்தான். சரணத்தில் ஓரிடத்தில் பாட்டு சட்டென்று அறுந்து அடுத்த வரிக்குப் போகும். மற்றவர்கள் அதை அவசரமாகக் கடந்துவிட்டார்கள். நான் அங்கே நின்று ஒரு விம்மல் வைத்தேன். நாற்பது வருடக் கைதட்டலும் அந்த விம்மலுக்குத்தான். நோட்டீசில் ‘விம்மல் தேவதாஸ்’ என்றே அச்சடிப்பார்கள்.

எங்கள் குழுவின் சின்னப் பாடகி கவிநிலா நல்ல பெண், அதை நான் மறுக்கவில்லை. பக்கத்துக் கதிர்காமத்திலிருந்து ஸ்கூட்டியில் ஒத்திகைக்கு வருவாள். ஒருநாள் கையில் ஒரு பழைய இசைத்தட்டோடு வந்தாள்.

“அண்ணே, சண்டே மார்க்கெட்ல அன்வருதீன் பாய் கடையில கெடச்சிது. இதுல கீறலே இல்ல. நீங்க விம்முற எடத்துல ஒரு வரி இருக்குதுண்ணே.”

போட்டுக் காட்டினாள். ‘வராதவனுக்கும் ஒரு வாசல் வை’ என்று குஞ்சம்மாள் பாடினாள். டீக்கடைத் தட்டில் ஊசி அந்த வரியைத் தாண்டிக் குதித்திருக்கிறது. குழுவை நடத்தும் செம்மல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“நாப்பது வருஷமா கீறலயா பாடிக்கினு இருந்த, தேவா?”

அவன் சிரித்ததை மன்னித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்து இரக்கப்பட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

முழுப் பாட்டையும் பாடி இணையத்தில் போட்டாள். ஒரே வாரத்தில் எல்லார் போனிலும் அதுதான். அடுத்த கச்சேரியில் அந்தப் பாட்டை அவளுக்கே கொடுத்தார்கள். ஒரு பாட்டுதானே, விட்டுக்கொடு என்றான் செம்மல். என்னிடம் இருந்ததே ஒரு பாட்டுதான்.

அன்று மூடியில் கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றி, மேலே கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கொடுத்தேன். “தேங்க்ஸ்ண்ணே” என்று இரண்டு கையாலும் வாங்கினாள். அவள் பேசிக் கடைசியாகக் கேட்டவன் நான்தான்.

கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கிப் போனேன். தொண்டையில் குழாய் இருந்ததால் அவள் சாப்பிடவில்லை. அன்று மேடைக்குப் பின்னால் டீ கொடுத்தார் என்பதற்காக நீங்கள் பிடித்துவைத்திருக்கும் எழிலரசன் பாவம், அவருக்கு இதில் ஒன்றும் தெரியாது.

போன ஞாயிறு கச்சேரியில் பாட்டு என்னிடம் திரும்பி வந்தது. நியாயமாக வந்தது என்றுதான் நினைக்கிறேன். சரணத்தில் அந்த இடத்தில் நின்று விம்மினேன். மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் அந்த வரியைப் பாடினார்கள். மறுபடி பாடினேன். மறுபடியும் பாடினார்கள். முன்வரிசையில் அவள் அம்மா பாக்கியலட்சுமியும் பாடினாள்.

நான் வந்தது அதற்காகத்தான், மேடம். பிளாஸ்க்கைப் பற்றி நீங்கள் கேட்டதால் சொன்னேன். குறுக்கே பாடியவர்கள் மேல் புகார் எழுதிக்கொள்ளுங்கள். வீடியோ இருக்கிறது, முகமெல்லாம் தெளிவாகத் தெரிகிறது.