மே ஒன்பதாம் தேதி நிலவரம்

சமையலறை அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமல் நான் எந்த வீட்டுக்கும் தரம் போட்டதில்லை. டுலூத் நகரில் இருபத்தாறு வருடமாக வீடு மதிப்பிடுகிறேன், யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சி ஒன்று என்றால் யாரும் குடியேறாத புது வீடு. சி ஆறு என்றால் உள்ளே கால் வைக்கவே யோசிக்க வேண்டும். நடுவில் உள்ள நான்கில்தான் மனிதர்கள் வாழ்கிறார்கள்.

வாரன் ஹால்வர்சன் வங்கியில் எங்கள் அறிக்கைகளைச் சரிபார்ப்பவர். நான் நான்கு என்று எழுதினால் மூன்றாக்கச் சொல்லித் திருப்பி அனுப்புவார். ஒருமுறை மதிப்பீட்டாளர்கள் எல்லோரும் கூடியிருந்த மதிய விருந்தில், கையில் தட்டோடு எழுந்து நின்று கேட்டார்:

"ஏன்யா கொஸ்கெலா, கண்ணாடிய வீட்லயே வச்சிட்டுத்தான் வேலைக்குப் போவியா? இவனுக்குச் சொர்க்கத்தையே காட்டினாலும் கூரை ஒழுகுதுன்னு எழுதுவான்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

போன மே மாதம் அவர் ஏரியைப் பார்த்த சரிவில் ஒரு வீடு வாங்கினார். கடன் வேறு வங்கியில். மதிப்பீட்டாளரை அங்கே கணினிதான் தேர்ந்தெடுக்கும். என் பெயர் வந்தது. காலி வீடு, வாசல் சாவிப்பெட்டியின் எண்ணை என்னிடம் கொடுத்தார்கள். பின்பக்கம் பன்னிரண்டடி உயரத்தில், நின்று ஏரியைப் பார்க்க ஒரு மரத்தளம். நிலவறைக்குள் போய், அதைச் சுவரோடு பிடித்திருந்த போல்ட்டுகளை எண்ணினேன். பதினான்கு, எல்லாம் இறுக்கமாக இருந்தன. சி மூன்று என்று எழுதினேன். ஹால்வர்சனே பார்த்திருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார்.

ஜூனில் தளம் சரிந்தது. ஹால்வர்சன் செத்துப்போனார். அவர் மனைவி இங்கிரிட் இனி நடக்க மாட்டார் என்கிறார்கள். அந்த அம்மாவுக்காக மிகவும் வருத்தப்படுகிறேன். அவர் என்னை ஒரு சொல் சொன்னதில்லை.

நேற்று நீங்கள் என் வீட்டுக்கு வந்து கேட்டீர்கள், மேடம்: "ரெண்டே ரெண்டு போல்ட்டுல தொங்கின தளம் சார் அது. அதுக்கு எப்படி மூணு போட்டீங்க? பார்க்காமலே எழுதிட்டீங்க, அதானே? ஒத்துக்கிட்டா லைசென்ஸ் போறதோட முடிஞ்சிடும்."

அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் இன்று நானே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

அறிக்கையின் முதல் பக்கத்தைப் பாருங்கள். மே ஒன்பது. வீட்டின் நிலை என்று நாங்கள் எழுதுவது அந்தத் தேதியில் உள்ள நிலையை. மறுநாள் நடப்பதற்கு எந்த மதிப்பீட்டாளரும் பொறுப்பாக மாட்டார். தொழிலில் எல்லோருக்கும் இதுதான் விதி.

மறுநாள் காலை பத்து மணிக்கு அதே எண்ணை அழுத்திச் சாவியை எடுத்தேன். நிலவறைக்குள் போய்ப் பன்னிரண்டு போல்ட்டுகளைக் கழற்றினேன். இரண்டை விட்டுவைத்தேன். ஓர் ஆள் நின்றால் தாங்கும், இருவர் சேர்ந்து நின்றால் தாங்காது. ஹால்வர்சன் எதையும் தனியாக ரசிக்கிற ஆள் இல்லை.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவு என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள்.