பத்தைப் பத்தால பெருக்கினா எட்டு

எட்டுண்ணா! பத்தோட வர்க்கம் எட்டு! அதுவும் செவுத்துல பெரிய திரை, அதுல என் பேரு, கீழ எட்டு... சிரிங்கண்ணா, பரவால்ல. அங்க எல்லாரும் சிரிச்சாச்சு.

மறைமலை நகர்ல தகடு வெட்டுற கம்பெனி. ட்ரெய்னி வேலைக்கு டெஸ்ட்டு, எடுக்கறது ஒரே ஆளு. சதுரத் தகடோட பக்கத்தக் குடுத்தா பரப்பளவு வரணும், பைத்தான்ல ப்ரோக்ராம் எழுதுன்னாங்க. அட, இதுக்கா ட்ரெயின் ஏறி வந்தோம்னு தோணிச்சு. பக்கம், ஒரு தொப்பி, ரெண்டு. முடிஞ்சுது. அந்தத் தொப்பிண்ணா, கீபோர்டுல ஆறுக்கு மேல கூரை மாதிரி இருக்குமே, அது. எக்ஸெல்ல அதான் அடுக்கு. வாட்ஸ்அப்ல கணக்கு டவுட்டு கேட்டதெல்லாம் அதுலதான். ப்ளஸ் டூ முழுக்க அதப் போட்டே பாஸானவன் நானு!

பைத்தான்ல அடுக்குக்கு ரெண்டு நட்சத்திரமாம். தொப்பி போட்டா, ரெண்டு நம்பரையும் பூஜ்யம் ஒண்ணுன்னு பிரிச்சு, எங்க வித்தியாசப்படுதுன்னு பாக்குமாம். யாரு கேட்டா இத? தப்புன்னு செவப்புல கத்தியிருந்தா திருத்தியிருப்பேன்ல? பக்கம் பத்துன்னு குடுத்தா கமுக்கமா எட்டுன்னு நீட்டுது.

இதுல நான் வேற... பக்கத்துல கேஷவ்னு ஒருத்தன், இன்னும் தட்டிக்கினு இருந்தான். 'இன்னா மச்சான், ஹெல்ப் வேணுமா'ன்னு கேட்டேன். கேட்டேண்ணா, இந்த வாயால! அவன் ஒண்ணும் மேதை இல்ல. பக்கத்தையும் பக்கத்தையும் பெருக்கினான், மூணாங்கிளாஸ் புள்ள மாதிரி. வேலை அவனுக்கு.

எங்கப்பா இரும்புலியூர்ல கறிக்கடையிலேந்து சலூன் வரைக்கும் சொல்லிட்டாரு, பையன் கம்பெனில சேந்துட்டான்னு. காலைலயே! அவரச் சொல்லி இன்னா பண்றது? அல்வா சாப்புடுற மாதிரிப்பான்னு சொல்லிட்டுக் கெளம்புனது நான்தான். இப்ப எந்தத் தெரு வழியா வூட்டுக்குப் போறதுன்னே புரியல.

இன்னாண்ணா எழுந்துட்டீங்க? பெருங்களத்தூர் ஸ்டேஷன்தான இது, தாம்பரத்துல எறங்கணும்னீங்களே... சரி சரி, பாத்து எறங்குங்க.

இன்னா? முன்னாடியே யாரும் எதுவும் சொல்லலையாவா? சொன்னாங்கண்ணா. டெஸ்ட்டு வச்ச சுப்ரஜா மேடம், போர்டுலயே எழுதிப் போட்டாங்க: 'முடிச்சதும் ஒரு சின்ன நம்பர் குடுத்து ஓட்டிப் பாருங்க. அப்புறம் கை தூக்குங்க.'

நான் நேரா கை தூக்குனேன்.