தட்டில் இல்லாத சாவி

மார்ச் ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை. விடிந்ததிலிருந்து தூறல். குடையை வீட்டிலேயே விட்டுவிட்டு நனைந்தபடி மருத்துவமனைக்குச் சென்றேன். எதையும் மறக்கும் வழக்கம் எனக்கு இல்லையாதலின், அது இன்றும் எனக்கு வியப்பாகவே உள்ளது, ஐயா.

இயந்திரக் கைகளோடு இணைந்து பணியாற்ற அறுவை சிகிச்சைக் குழுக்களைப் பழக்குவது என் தொழில். அதில் தலையாய பாடம் ஒன்று உண்டு. இயந்திரம் நின்றுபோனால், அதன் விரல்கள் பற்றியதை விடுவதில்லை. சிறிய சாவியொன்றைச் செருகித் திருகினால்தான் விடும். ஆகவே, ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னர் அச்சாவியை அறுவைக் கருவிகள் வைக்கும் தட்டிலிருந்து எடுத்து ஒளித்துவைப்பேன். தட்டைச் சரிபார்க்கும் குழு உடனே கண்டுகொள்ளும்.

இந்தக் குழு ஒருமுறையேனும் சரிபார்த்ததில்லை. ரப்பர் பொம்மை ஒவ்வொரு முறையும் மாண்டது.

"பொம்மைதானே செத்துச்சு, விடுங்க பொம்மை வாத்தியாரே. அதோட பொண்டாட்டி வந்து கேஸா போடப்போறா?" என்றார் அறுவை மருத்துவர்.

செவிலியர் சிரித்தனர். நானும் சிரித்தேன். அதன்பின் உணவகக் காசாளர்கூட என்னை அப்பெயராலேயே அழைத்தார்.

அன்று மேசையில் கிடந்தவர் பேருந்து ஓட்டுநர், சிறுநீரகத்தில் கட்டி. நடைவழியில் அவருடைய மனைவி அவரது செருப்பை மடியில் வைத்திருந்தார்.

"கண்ணு முழிச்சதும் இதைத்தான் தேடுவாரு, சார்."

"பத்திரமா வச்சிருங்கம்மா," என்றேன்.

ஒரு குழுவின் முதல் அறுவைக்குப் பயிற்றுநர் உடனிருத்தல் விதி. நான் இயந்திரத்தின் பின்னால் நின்றேன். அன்றும் எவரும் தட்டைப் பார்க்கவில்லை. இரும்பு விரல்கள் இரத்தநாளத்தைப் பற்றியிருந்தபோது இயந்திரம் நின்றது.

"சாவியை எடும்மா, சீக்கிரம்."

"தட்டுல இல்ல, டாக்டர்." செவிலி என் பக்கம் திரும்பினார். "சார், உங்ககிட்ட இருக்கா?"

"நல்லாத் தேடிப் பாரும்மா," என்றேன். பயிற்சியின்போது பயிற்றுநர் உதவுதல் கூடாது.

மருத்துவர் இயந்திரத்தை இயக்கும் திரையை விட்டு எழுந்து வந்து, பொறுக்கமாட்டாமல் கையால் இழுத்தார். நாளம் கிழிந்தது.

இயந்திரம் தானாக நிற்பது அரிது. அதற்காகக் காத்திருந்தால் பாடம் நடத்த இயலாது. ஆதலின் நிறுத்தும் பொத்தானை நானே அழுத்தினேன். சாவி என் சட்டைப்பையில் இருந்தது. எவர்மீதும் எனக்குச் சினம் இருந்ததில்லை என்பதை என் வாக்குமூலத்தில் தயவுசெய்து பதிந்துகொள்ளுங்கள். அம்மருத்துவர் இப்போது தட்டை இருமுறை பார்க்கிறார். என்னைச் 'சார்' என்றே அழைக்கிறார்.

ஓட்டுநரின் நாடி நின்றது; பயிற்சி முற்பகல் பதினொன்று நாற்பத்திரண்டுக்கு முடிவுற்றது.