கடல் வற்றும் வரை பொறுங்கள்

"ஹலோ... ஹலோ... நாவுல ஊரு வெங்காயக் கடையா? ... யாரு, கடை முதலாளியா? வணக்கங்க. அழகர்சாமி இருக்காரா? ... கிருஷ்ணம்மான்னு சொல்லுங்க. மாத்தளை, டீச்சர். ... இல்லைங்க, வெங்காயம் வேணாம். அவருதான் வேணும்."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று கிருஷ்ணம்மாவுக்கு உறைத்தது. ஜுனைதீன் நானா குடைக்கம்பி வளைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அந்தத் தெருவில் டெலிபோன் இருந்தது அவருடைய குடைக்கடையில் மட்டும்தான். ரகசியம் பேச வேறு எங்கே போவாள்?

"ஹலோ... ம், நான்தான். ... எல்லாரும் சௌக்கியம். யாரும் சாகல. ... சும்மாதான் எடுத்தேன். ... ஆமா, ட்ரங்க் கோல்தான். சும்மா எடுக்கக் கூடாதா? ... கண்டி பஸ் வந்திருச்சா? ... வரலையில்ல? அப்போ நில்லுங்க. போன மாசம் டவுன் ஹோல்ல ப்ரொபசர் பேசினாரே, ஞாபகம் இருக்கா? ... அவரேதான், சீகிரியாப் பக்கம் குகைல தோண்டுறவர். அந்தக் காலத்துல உலகமே குளிர்ந்து போயி, தண்ணியெல்லாம் வடக்க ஐஸாக் கட்டிக்கிச்சு, கடல் இறங்கிருச்சு, இராமேஸ்வரத்துலருந்து மன்னாருக்குத் தரையா இருந்துச்சு, நம்மள மாதிரியே மனுசங்க நடந்தே வந்தாங்கன்னு சொன்னார்ல? அப்போ நீங்க என் காதுகிட்ட வந்து, 'பாஸ்போட்டு?'ன்னு கேட்டீங்க. நான், 'பாஸ்போட்டும் இல்ல, பதிவும் இல்ல, பேசாம இருங்க'ன்னேன். 'குடுத்து வச்சவங்க'ன்னீங்க. முன்னால இருந்த எங்க ஹெட்மாஸ்டர் திரும்பி முறைச்சார். ... ஆங், அதேதான். ... சிரிக்காதீங்க. நான் அன்னையிலருந்து அதையே யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

யோசிக்க வேண்டியதாகத்தான் இருந்தது. இலங்கை, இந்திய அரசாங்கங்கள் ஒப்பந்தம் போட்டுத் தோட்டத்துத் தமிழர்களைப் பங்கு போட்டுக்கொண்டதில் அவள் குடும்பம் இலங்கைக்கு, அழகர்சாமியின் குடும்பம் இந்தியாவுக்கு. அவனுடைய அப்பா, அம்மா, சித்தப்பா எல்லாரும் முந்திய கப்பல்களில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இன்றைக்கு அவன் கண்டியில் இருக்கும் இந்திய அலுவலகத்துக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டால் அடுத்த மாதக் கப்பலில் அவனும் போய்விடுவான். வெற்றிலைத் தட்டோடு வந்து பெண் கேட்க அவன் பக்கத்தில் ஒரு பெரியவர்கூட மிச்சமில்லை. பெரியவர் இல்லாமல் அவன் வாயைத் திறக்கப் போவதுமில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"நீங்க ஏன் கப்பல்ல போகணும்? ... அட, சொல்றதைக் கேளுங்க. மறுபடியும் அந்தக் குளிர் வருமாம். நிச்சயமா வருமாம், கூட்டம் முடிஞ்சு நானே போய்க் கேட்டேன். கடல் வத்தும். அப்போ பொட்டியத் தலைல வச்சுக்கிட்டுப் பொடிநடையாப் போயிரலாம். ... எப்போவா? கொஞ்சம் ஆகும். ... ஒரு இருவதாயிரம் வருசம் இருக்கும்னார். முன்னப் பின்ன. ... ஏன் கத்துறீங்க? கண்டி ஒப்பீசுல மட்டும் சொன்ன தேதிக்கு ஏத்துறாங்களாக்கும்?"

நானா ஏதோ கேட்டார். அவர் முகத்தில் மெய்யான கவலை.

"இல்ல நானா, மழை நிக்காது. ... உங்க காலத்துல நிக்காது. ... பேரப்பிள்ளைங்க காலத்துலயும் குடை விக்கும், தைரியமா இருங்க. ... ஹலோ, ஒண்ணுமில்ல, நானா பயந்துட்டார். எங்க விட்டேன்? ஆங், மழை. அந்த மனுசங்க ஏன் கிளம்பினாங்க? இருந்த எடத்துல மழை பொய்ச்சுது, கிளம்பினாங்க. பச்சையத் தேடி நடந்து நடந்து, நம்ம காட்டைப் பாத்ததும் உக்காந்துட்டாங்க. அதுக்கப்புறம் திரும்பிப் போனதா ஒரு தடயமும் இல்லையாம். ஒரு எலும்புகூடத் திரும்பிப் போகல! ... நீங்க போற ஊர்ல மழை எப்பிடி? ... அப்பா என்ன எழுதினார்? ... கண்மாய் காஞ்சு கெடக்கா? ... மாடுகூட விக்கிறாங்களா? ... பாத்தீங்களா! நீங்க விஞ்ஞானத்துக்கே விரோதமாப் போறீங்க."

தன் வாதம் ஜெயித்த சந்தோஷத்தில் அவள் டெலிபோன் வயரை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"... இங்க என்ன சாப்பிட்டாங்களா? நத்தை. மரத்துல இருக்குமே, அது. அப்புறம் குரங்கு, காட்டுப் பலாக்கொட்டை. ... ச்சீ, உங்கள யாரு தின்னச் சொன்னா? உங்களுக்குப் போய் நான் நத்தை ஆக்கிப் போடுவேனா?"

நானா குடைக்கம்பியை மடியில் வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"... ஹலோ? ... இல்ல, அது ஒரு பேச்சுக்கு. ... நான் ஆக்கிப் போடுறேன்னு எங்க சொன்னேன்? நத்தை ஆக்க மாட்டேன்னுதான் சொன்னேன். ... அப்போ வேற எதை ஆக்குவேனா? ... குறுக்குக் கேள்வியெல்லாம் கேக்கக் கூடாது! ... ஹலோ, யாரு? எக்ஸ்சேஞ்சா? ... இன்னும் முடியல மிஸ், வெட்டிராதீங்க. ... என்னது? ஆரம்பத்துலருந்து கேட்டுக்கிட்டா இருக்கீங்க? ... ஆமா மிஸ், கைக்குழந்தையெல்லாம் தூக்கிக்கிட்டுத்தான் நடந்திருப்பாங்க. வேற எப்பிடி? ... பாவந்தான். ... தெரியல மிஸ், புடவை இருந்திருக்காது. ... ஓ, உங்க பேரு சந்திரகாந்தாவா? நல்ல பேரு. கொஞ்சம் லைனை விடுங்களேன்."

கம்பி உடைந்த குடையோடு வந்த இரண்டு பேர் குடையை மறந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நானா அவர்களுக்குத் தேத்தண்ணிக்குச் சொல்லியிருந்தார்.

"ஹலோ... என்ன ஹோர்ன் சத்தம் அது? ... வந்திருச்சா? ... பொறுங்க, பொறுங்க! முக்கியமான விஷயத்தை நான் இன்னும் சொல்லவே இல்ல. ... ப்ரொபசர் விஷயந்தான். ... இல்ல, ப்ரொபசர் இல்ல. ... போயிராதீங்க! ... என்ன, முதலாளி பஸ்ஸை மறிச்சுக்கிட்டு நிக்கிறாரா? வெங்காய மூட்டையப் போட்டா? ... அவருக்குப் புண்ணியமாப் போகும்."

ஐஸ், கடல், மழை, நத்தை, எல்லாம் தீர்ந்துவிட்டது. அவள் கையில் இனி ஒரு சான்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

"கேளுங்க. கண்டியில எத்தனை பேர்னு கேப்பாங்க. 'ஒரு ஆள்'னு சொல்லிராதீங்க. ... ஏன்னா... ஏன்னா அந்தக் காலத்துல யாரும் ஒத்தையா வரல. ஒத்தையா நடந்தவன் இருந்திருப்பான். ஆனா அவனுக்கு வம்சம் இருந்திருக்காது. அவன் வந்தான்னு சொல்ல ஆளே இருந்திருக்காது. ... இல்ல, இது ப்ரொபசர் சொன்னதில்ல. இது நான் சொல்றது. ... ஆமா, எனக்கு இலங்கைப் பிரஜைன்னு பதிவு இருக்கு, தெரியும். ... ஆமா, எங்கப்பா குதிப்பார். அதுவும் தெரியும். ... மழை இல்லாத ஊருன்னு நான்தானே இவ்வளவு நேரம் கத்தினேன், எனக்கேவா சொல்றீங்க? ... மிஸ், அழாதீங்க மிஸ், அவர் பேசுறது கேக்கல! ... என்ன? ... பெரியவங்க வந்து கேக்கணுமா? யாரு வருவா? உங்க பெரியவங்க எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம் கண்மாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க! அவங்க தட்டோட வருவாங்க, வருவாங்கன்னு எத்தனை தீபாவளிக்கு நான் வாசல் தெளிச்சு வச்சேன், தெரியுமா? ... தெரியாது. உங்களுக்கு எப்பிடித் தெரியும்? ... சரி. தட்டு வேணாம். வெத்தலை வேணாம். நானே கேக்குறேன்."

நானா சுத்தியலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"என்னைக் கட்டிக்கிட்டு, என்னையும் கூட்டிட்டுப் போங்க."