மூணு பட்டன் அகலம்

— புது வாட்ச், இன்னைக்கு மார்ச் பதினெட்டு, சாயங்காலம் நாலு மணி, கம்பெனி வெப்சைட்ல வெளியீடு. அவ்வளவுதான் போட்டிருக்கான் மச்சான். அளவும் இல்ல, விலையும் இல்ல.

— அதான் படம் போட்டிருக்கானே மாப்ள. இருட்டுல வாட்ச்சோட விளிம்பு, பக்கத்துல சட்டைக் கை, அதுல ஒரு பட்டன். தையல்காரனுக்கு வேற என்ன வேணும்? சட்டைப் பட்டன் பன்னிரண்டு மில்லிமீட்டர். வாட்ச் குறுக்கே மூணு பட்டன் அடங்குது. முப்பத்தாறு.

— அது சட்டைன்னு யார் சொன்னா? கோட்டு. கோட்டுக் கைப் பட்டன் பதினஞ்சு. அப்போ நாற்பத்தஞ்சு.

— உனக்கு நாற்பத்தஞ்சு வேணும், அதனால சட்டை கோட்டு ஆயிடுச்சு.

— உங்களுக்கு மட்டும் என்னவாம்? போன தடவை அந்தக் குச்சிக் கையில நாற்பத்திரண்டு கட்டினீங்க. சாப்பாட்டுத் தட்டை ஏந்திட்டுப் போற மாதிரி இருந்துச்சு. வந்த விலைக்கு வித்தீங்க.

— டயர் கழட்டுற கைடா உனக்கு. உன் கையில எதைக் கட்டினாலும் கொசு உட்கார்ந்த மாதிரிதான்.

— அக்கா, உன் புருஷனைக் கொஞ்சம் கவனி.

— என்னை இழுக்காதடா. இந்தக் காலரை இன்னைக்கே முடிச்சுக் கொடுக்கணும். யார் கைக்குப் பொருந்துதோ அவங்க முதல் வருஷம் கட்டிக்கணும், அதானே பேச்சு? வந்ததும் தெரிஞ்சுடப் போகுது.

— சம பங்கு போட்ட மூணு பேர்ல உங்க அக்காதான் நிம்மதியா இருக்கா, பாரு. வாட்ச் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்ததுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல.

— விலை என்ன வரும் மச்சான்?

— நாலு லட்சம்.

— ஆறு. முள்ளு தங்கமாம்.

— அந்த முள்ளுல தங்கம் ஒரு அரிசி எடை தேறுமாடா?

— இருக்கட்டுமே. விலை போட அவனுக்கு ஒரு சாக்கு வேணாமா?

— ஆறுன்னா என் மெஷினையும் சேர்த்து விக்க வேண்டியதுதான்.

— மெஷின்ல கை வைக்காதீங்க, நான் தச்சுக்கிட்டு இருக்கேன். மணி நாலாச்சு, போனைப் பாருங்க ரெண்டு பேரும்.

— வருது, வருது. முழுப் படமும் போட்டுட்டான். மச்சான்...

— என்னடா?

— இது பொம்பளை கை.

— கொடு இங்க. அடப்பாவி, லேடீஸ் சட்டைடா. அதுக்குப் பத்து மில்லிமீட்டர் பட்டன்தான் வைப்போம். தினமும் தைக்கிறேன், எனக்கு அது தோணவே இல்ல பாரு.

— மூணு பத்து முப்பது. கீழயும் முப்பதுன்னுதான் போட்டிருக்கான்.

— விலை?

— மூணே முக்கால்.

— விலையை நான் கிட்டத்தட்ட சரியாத்தான் சொல்லியிருக்கேன்.

— சொல்லி என்ன பண்ண? என் கைக்கு அது மரு மாதிரி இருக்கும்.

— என் குச்சிக் கைக்கே சின்னதுடா. கட்டிட்டுப் போனா தையல் கடைக்கு வர்றவன்லாம் சிரிப்பான். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுடலாம்.

— கேட்போம். அக்கா, வாட்ச் கடை நம்பர் உன்கிட்டதானே இருக்கு? போனை வச்சுட்டுக் கொஞ்சம் இங்க பாரு. யார்கிட்ட பேசிட்டிருக்க?

— கடைக்காரர்கிட்டதான். புதன்கிழமை வந்து வாங்கிக்கச் சொன்னார். பட்டைக்கு என் மணிக்கட்டு அளவைக் கொடுத்துட்டேன்.